முன்வாசல் புல்தரையில் காய்கறி: எங்கே உரிமை, எங்கே தடை

அமெரிக்காவில் மிக அதிகப் பரப்பில் நீர் பாய்ச்சி வளர்க்கப்படும் பயிர் மக்காச்சோளமோ கோதுமையோ அல்ல, புல். வீட்டுப் புல்தரை, பூங்கா, கோல்ஃப் திடல் எல்லாம் சேர்ந்து சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர் இருக்கும் என்று 2005-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதே நாட்டில் 2023-இல் ஏறத்தாழ 4.7 கோடிப் பேர் போதிய உணவுக்கு உறுதியில்லாத வீடுகளில் வாழ்ந்ததாக அந்நாட்டு வேளாண் துறையின் கணக்கு சொல்கிறது. புல்லைப் பெயர்த்துவிட்டுக் காய்கறி போடலாமே என்ற யோசனை இங்கிருந்துதான் எழுகிறது. யோசனை புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசே மக்களைத் தோட்டம் போடச் சொன்னது. சுமார் 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் உருவாயின. இன்று அதே காரியத்துக்கு அபராதச் சீட்டு வரலாம்.

ஃபுளோரிடாவின் மயாமி ஷோர்ஸ் ஊரில் ஒரு தம்பதி 17 ஆண்டுகள் வீட்டு முன்புறத்தில் காய்கறி பயிரிட்டு வந்தனர். காய்கறித் தோட்டம் வீட்டுப் பின்புறத்தில் மட்டுமே இருக்கலாம் என்று ஊராட்சி 2013-இல் விதி கொண்டுவந்தது. அவர்கள் வீட்டுப் பின்புறத்திலோ போதிய வெயில் இல்லை. நாளொன்றுக்கு 50 டாலர் அபராதம் என்று மிரட்டல் வந்ததும் செடிகளைப் பிடுங்கிவிட்டு வழக்குத் தொடுத்தனர். முன்புறத்தில் பழமரம் நடலாம், பிளாஸ்டிக் பூநாரைப் பொம்மைகூட வைக்கலாம். கீரை மட்டும் கூடாது. இருந்தும் 2017-இல் மேல்முறையீட்டிலும் அவர்கள் தோற்றனர். நீதிமன்றத்தில் கிடைக்காதது சட்டமன்றத்தில் கிடைத்தது. வீட்டு மனைகளில் காய்கறித் தோட்டத்தை உள்ளாட்சிகள் தடுக்கக் கூடாது என்னும் மாநிலச் சட்டம் 2019 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இல்லினாயும் 2022 முதல் இத்தகைய பாதுகாப்பைத் தந்துள்ளது.

இந்தச் சட்டங்களில் பலர் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. ஃபுளோரிடாச் சட்டம் கட்டுப்படுத்துவது உள்ளாட்சியை மட்டுமே. குடியிருப்பு உரிமையாளர் சங்கத்தை அல்ல. வீடு வாங்கும்போது கையெழுத்திட்ட சங்க ஒப்பந்தம் தனி. அதில் முன்புறக் காய்கறித் தோட்டத்துக்குத் தடை இருந்தால் இந்தச் சட்டம் அதை நீக்காது. கலிபோர்னியாவில் 2015 முதல் சங்கங்கள் பின்புறத் தோட்டத்தைத் தடுக்க இயலாது. ஒன்றிரண்டு வீடுகள் மட்டும் உள்ள கட்டடங்களில் வாடகைக்கு இருப்போர், வீட்டு உரிமையாளர் ஒப்புக்கொள்ளும் தொட்டிகளில் பயிரிடலாம். முன்புறத்துக்கு அந்தச் சலுகை இல்லை. நடைபாதைக்கும் சாலைக்கும் இடைப்பட்ட கீற்று நிலத்துக்குப் பெரும்பாலும் நகராட்சியின் விதிகளே பொருந்தும். லாஸ் ஏஞ்சலிஸில் ரான் ஃபின்லி என்பவர் அப்படியொரு கீற்றில் காய்கறி நட்டு நகராட்சியின் நடவடிக்கைக்கு ஆளானார். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே விதி தளர்ந்தது.

விதிமீறல் அறிவிப்பு வந்தால் உடனே செடியைப் பிடுங்கவும் வேண்டாம், கண்டுகொள்ளாமல் விடவும் வேண்டாம். எந்த விதியின் எந்தப் பிரிவு மீறப்பட்டது என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். 'களை', 'உயரமான புல்' பற்றிய விதியைக் காய்கறிச் செடிக்குப் பொருத்துவது உண்டு. விசாரணையில் அதை மறுக்கலாம். தேதியிட்ட படங்கள் கைகொடுக்கும். மேல்முறையீட்டுக் கெடு குறுகியது; தவறவிட்டால் அபராதம் நாள்தோறும் ஏறும்.

சட்டம் இடம் கொடுத்தாலும் மண் இடம் கொடுக்க வேண்டும். வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் 1978-இலும், சாலை வாகனப் பெட்ரோலில் 1996-இலும் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் உதிர்ந்தும் படிந்தும் சேர்ந்த ஈயம் மேல்மண்ணிலேயே கிடக்கிறது, குறிப்பாகப் பழைய வீட்டுச் சுவரை ஒட்டியும் நெரிசலான சாலையோரத்திலும். குடியிருப்பு மண்ணில் கவனம் தேவைப்படும் அளவை 2024 ஜனவரியில் சுற்றுச்சூழல் முகமை பத்து லட்சத்தில் 400 பங்கிலிருந்து 200 ஆகக் குறைத்தது. பல்கலைக்கழக வேளாண் விரிவாக்க மையங்கள் வழியாக மண்ணைச் சோதிக்கலாம்; வழக்கமான சத்துப் பரிசோதனையில் ஈயம் சேராமல் போகலாம் என்பதால் தனியாகக் கேட்க வேண்டும். தக்காளி, வெண்டை போன்ற காய்களில் ஈயம் குறைவாகவே ஏறும்; கிழங்கிலும் கீரையிலும் ஆபத்து கூடுதல். செடி உறிஞ்சுவதைவிட, குழந்தையின் கையோடு வாய்க்குப் போகும் மண்தான் பெரிய கேடு. சோதனை மோசமாக வந்தால் அடியில் துணி விரித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணில் மேட்டுப் பாத்தி கட்டுவதே வழி. களைக்கொல்லி அடித்த புல்லை மக்கு உரத்தில் சேர்க்கக் கூடாது. மண்வெட்டி இறங்குமுன் 811 எண்ணுக்குச் சொன்னால் நிலத்தடி எரிவாயு, மின் தடங்களை இலவசமாக அடையாளமிட்டுத் தருவார்கள்.

இத்தனையும் செய்தாலும் பசியில் ஒரு பகுதியைத்தான் புல்தரை தொடும். காய்கறி ஊட்டம் தரும், வயிற்றை நிரப்பும் மாவுச்சத்து அதில் குறைவு. புல்தரை உள்ளவர் பலர் பசித்தவர் அல்லர். பசித்தவர் பலருக்குப் புல்தரையே இல்லை. ஸ்னாப் என்னும் அரசு உணவு உதவி பெறுவோர் அந்தத் தொகையிலேயே விதையும் காய்கறி நாற்றும் வாங்கலாம். 1973 முதல் இருக்கும் உரிமை இது. மிகுந்த விளைச்சலை உணவு வங்கிக்குத் தருவோருக்கு 1996-இன் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது: நல்லெண்ணத்துடன் கொடுத்த உணவால் தீங்கு நேர்ந்தாலும், கடும் அலட்சியமோ வேண்டுமென்ற தவறோ இல்லாதவரை கொடுத்தவர் பொறுப்பாகமாட்டார். வீட்டுத் தோட்டக்காரருக்கும் இது பொருந்தும். குளிர்பதன வசதி இல்லாத சிறு மையங்களுக்குக் கீரையைப் பறித்த அன்றே, விநியோகம் நடக்கும் நேரம் கேட்டுக்கொண்டு சேர்க்க வேண்டும்.