முதியோருக்கு ஒரு பந்தயம்

'பவுலிங்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர் மனக்கண்முன் நிற்பது கிரிக்கெட்டு ஆட்டமே. நான் இன்று பேச வந்தது அதைப் பற்றியன்று. பத்துக் கட்டைகளை முக்கோணமாக நிறுத்திவைத்துக் கனத்த பந்தொன்றை உருட்டி வீழ்த்தும் 'டென்பின் பவுலிங்' என்னும் ஆட்டத்தைப் பற்றியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது பெருவழக்கானது. 1895ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் தோன்றிய அமெரிக்கப் பவுலிங் காங்கிரசு இதற்குப் பொதுவான விதிகளை வகுத்தது. அவ்வமைப்பும், 1916இல் தோன்றிய மகளிர் அமைப்பும் பிறவும் 2005இல் ஒன்றாக இணைந்தன. அந்நாட்டில் 50 வயது நிரம்பியோருக்கெனத் தனிப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. அவற்றை நடத்துவோர் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை ஆராய்வோம்.

முதலில் ஆட்டத்தைச் சிறிது அறிந்துகொள்வோம். பந்து உருளும் தடத்தின் நீளம், எல்லைக்கோட்டிலிருந்து முதற்கட்டை வரை 60 அடி. அகலம் ஏறத்தாழ மூன்றரை அடி. கட்டையின் உயரம் 15 அங்குலம். ஓர் ஆட்டத்துக்குப் பத்துச் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை உருட்டலாம். முதற்பந்திலேயே பத்தும் சாய்ந்தால் 'ஸ்டிரைக்'. இரண்டாம் பந்தில் எஞ்சியவை சாய்ந்தால் 'ஸ்பேர்'. இவ்விரண்டுக்கும், அடுத்து உருட்டும் பந்துகளில் பெறும் புள்ளிகளும் மிகையாகச் சேரும். தொடர்ந்து 12 ஸ்டிரைக்குகள் பெற்றவர் 300 என்னும் முழு எண்ணிக்கையை எய்துவர்.

இனி முதியோரிடம் வருவோம். 52 வயதினர் ஒருவரும் 78 வயதினர் ஒருவரும் பந்தயத்துக்கு வருகின்றனர். ஒருவர்க்கு மணிக்கட்டு இன்னும் உறுதியாக இருக்கிறது. மற்றவர்க்கு முழங்கால் மடங்க மறுக்கிறது. இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் மூத்தவர் அடுத்த ஆண்டு வரமாட்டார். 'பாவம், கிழவர்' என்று இரங்கி ஆறுதற் பரிசு ஒன்றைக் கையில் கொடுத்தாலோ, தன்மானமுள்ளவர் அன்றைக்கே வீடு திரும்பிவிடுவார். ஆகவே ஐந்தைந்து ஆண்டுகளாக வயதைப் பகுத்து, 50 முதல் 54, 55 முதல் 59 என்றவாறு வகுப்புகள் அமைப்பதுண்டு.

வகுப்பு மட்டும் போதுமா? போதாது. ஒரே வயதினருள் ஒருவர் இளமை முதல் ஆடி வருபவர். மற்றொருவர் ஓய்வுபெற்ற பின்னரே பந்தைத் தொட்டவர். இங்கேதான் 'ஹாண்டிகாப்' என்னும் ஈட்டுப்புள்ளி வருகிறது. அதைக் கணக்கிடும் வழி எளிது. பந்தயக் குழுவினர் 220 என்பது போல ஓர் அடிப்படை எண்ணை அறிவிக்கின்றனர். அதிலிருந்து ஆட்டக்காரரின் சராசரியைக் கழித்து, எஞ்சியதில் நூற்றுக்கு 90 பங்கை ஆட்டந்தோறும் அவருக்குச் சேர்க்கின்றனர். சராசரி 200 உடையவர்க்கு மீதி 20, ஈடு 18. சராசரி 150 உடையவர்க்கு மீதி 70, ஈடு 63. அன்று முன்னவர் 205 எடுத்தால் மொத்தம் 223. பின்னவர் 165 எடுத்தால் மொத்தம் 228. வெற்றி பின்னவர்க்கே. இது சலுகையா? அன்று. முன்னவர் தம் வழக்கத்தைவிட 5 புள்ளிகளே மிகுதியாகப் பெற்றார். பின்னவரோ 15 புள்ளிகள் மிகுதியாகப் பெற்றார். தம்மைத் தாமே அதிகம் விஞ்சியவர் எவரோ அவரே வென்றார். நூற்றுக்கு நூறாக ஈடுசெய்யாமல் 90 என நிறுத்துவது, நெடுநாட் பயிற்சிக்கும் சிறிது மதிப்பு எஞ்சியிருக்க வேண்டும் என்பதற்காகவே.

எனினும் இம்முறையில் ஓர் ஓட்டை உண்டு. ஆண்டு முழுவதும் வேண்டுமென்றே குறைவாக ஆடிச் சராசரியைத் தாழ்த்திக்கொண்டு, பந்தய நாளில் முழுத்திறனும் காட்டுவோர் சிலர் உளர். நரை ஏறிவிட்டதால் மட்டும் ஆசை அகன்றுவிடுவதில்லை! ஆதலின், வாய்மொழியை நம்பாது, சென்ற பருவத்துப் பதிவேட்டில் குறைந்தது 21 ஆட்டங்களுக்குக் கணக்கிட்ட சராசரியையே ஏற்பது வழக்கம். ஐயத்துக்குரிய சராசரியை உயர்த்தும் உரிமையையும் குழுவினர் முன்கூட்டியே விதிகளில் எழுதிவைக்க வேண்டும். பந்தயம் தொடங்கிய பின்னர் எழுதினால் அது பகையாகவே முடியும். நுழைவுக் கட்டணத்தில் பரிசுக்கு எவ்வளவு, தடத்துக்கு எவ்வளவு, நிருவாகச் செலவுக்கு எவ்வளவு என்பதையும் அவ்வாறே முன்னரே வெளியிட வேண்டும்.

அடுத்து உடலின் கணக்கு. ஓர் ஆட்டத்தில் ஒருவர் 21 முறை வரை பந்தை உருட்ட நேரலாம். குழு, இருவர், தனியர் என்னும் மூன்று பிரிவுகளிலும் மும்மூன்று ஆட்டங்கள் ஆடினால் மொத்தம் ஒன்பது. அதாவது 189 முறை வரை. இதை ஒரே நாளில் முடிக்க முயல்வது முதியோர்க்குக் கொடுமை. இரண்டு நாட்களாகப் பகுத்து, முற்பகலிலேயே தொடங்குவது நலம். பந்தின் எடை 16 பவுண்டுக்கு மேற்படலாகாது என்பதே விதி. குறைந்த எடையைப் பயன்படுத்தத் தடையில்லை. பத்து பவுண்டுப் பந்தை எடுத்தவரை எவரும் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

தரையும் கவனத்துக்குரியது. தடத்தின் முற்பகுதியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு உண்டு. பந்துகள் உருள உருள அது தேய்ந்து இடம் மாறும். காலையில் நேராகச் சென்ற பந்து பிற்பகலில் வளையும். எனவே ஒவ்வொரு பிரிவினர் ஆடுமுன்னரும் புதிதாக எண்ணெய் இட வேண்டும். ஓர் ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரரைத் தடம் மாற்ற வேண்டும். கோட்டுக்கு முன்னுள்ள நடைபாதையிலோ எண்ணெயும் கூடாது, ஈரமும் கூடாது. ஓரிடத்தில் சிந்திய தண்ணீர் காலணியில் பட்டுவிட்டால், வழுக்கி நிற்க வேண்டிய கால் திடீரெனப் பற்றிக்கொள்ளும். ஆட்டக்காரர் தலைகுப்புற விழுவார். இளைஞர் எழுந்துவிடுவர். எழுபதைக் கடந்தவர்க்கு அது இடுப்பெலும்பு முறிவாக முடியக்கூடும். ஆகவே பானம் அருந்தும் இடத்தை நடைபாதைக்குப் பின்னே தொலைவில் அமைத்து, துணியுடன் ஓர் ஆளையும் நிறுத்த வேண்டும்.

முடிவுகளை எழுதும்போது ஈடு சேர்த்த எண்ணை மட்டும் பலகையில் காட்டுவோர் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து எழுதுவதே முறை. 78 வயதினர் தம் கையால் வீழ்த்திய 165 எது, கணக்கு அளித்த 63 எது என்று பார்ப்போர்க்கு விளங்கும். அந்த 165-ஐயே அவருடைய அடுத்த சராசரிக்கெனப் பதிவேட்டிலும் குறித்துக்கொள்ளலாம்.