பழைய காரும் புதிய எழுத்தும்

வல்வெட்டித்துறைக்கு வாகனம் என்றால் முதலிற் கப்பல்தான். மற்றவை எல்லாம் அதற்குப் பின்பே. இவ்வூரிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். நம்மவரே மாலுமிகளாகச் சென்று, 1938ஆம் ஆண்டில் அதனை அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்திற் சேர்ப்பித்த கதையை இங்குள்ள சிறுவரும் அறிவர். அந்த றொபின்சன் ஓர் எழுத்தாளர் என்பதைத்தான் பலர் அறியார். சிறியதொரு படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்து, அப்பயணத்தை 1932இல் நூலாக வெளியிட்டவர் அவர். வாகனத்தின்மீது மோகம், அம்மோகத்தை எழுதிப் பொருளீட்டும் ஆசை ஆகிய இரண்டும் ஒருவரிடத்தே கூடுவது புதிதன்று.

இன்று அவ்விரண்டும் நம் மாணவர் சிலரைப் பிடித்திருக்கின்றன. ஆனால் இவர்கள் மோகங்கொண்டது கப்பலில் அன்று, பழைய கார்களில்.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் எனப் பிறநாட்டார் காட்சிச்சாலையில் வைத்துப் பார்க்கும் வண்டிகள் யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் வாடகைக்கு ஓடின. சில இன்றும் ஓடுகின்றன. இதற்குக் காரணம் பழமைப்பற்று என்று எண்ணுதல் தவறு. அறுபதுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உள்ளதைப் பேணுவதன்றி வேறு வழியில்லை. பின்னர் 1990இல் போர் மீண்டும் மூண்டபோது, குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அப்போதுதான் இவ்வண்டிகளின் அருமை புலப்பட்டது.

அவை மண்ணெண்ணெயில் ஓடின. எவ்வாறு என்பதைச் சற்று விளக்குதல் நன்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. ஆதலால் அதனைக் கொண்டே இயந்திரத்தை முடுக்கிவிடுதல் அரிது. சிறு போத்தலிற் சேமித்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். தற்காலத்து இயந்திரங்கள் எரிபொருளை மிகுதியாக அமுக்குவன. அவற்றில் மண்ணெண்ணெய் காலந்தப்பி வெடித்து இயந்திரத்தைக் கெடுக்கும். பழைய ஒஸ்ரினின் அமுக்கமோ குறைவு, எனவே தாங்கிக்கொண்டது. அப்படியும் தொல்லை ஒழிந்ததன்று. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்குகளிற் கரி படியும். ஒயிலை எப்போது மாற்றுவது, பிளக்கை எப்போது கழற்றித் துடைப்பது என்பவற்றை மெக்கானிக்குகள் காதாலும் மூக்காலுமே அறிந்தனர். புத்தகத்தில் இல்லாத கல்வி அது. (2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, இவ்வித்தையின் இலாபமும் கரைந்தது என்பது வேறு கதை.)

கடலோர ஊர்களுக்கு மற்றுமொரு பாடம் உண்டு, அதுதான் துரு. மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை, உடலே சட்டம். உப்புக்காற்று கதவின்கீழுள்ள தகட்டைத் தின்றுவிட்டால் வண்டியே தளர்ந்துபோகும். தொடக்கத்து ஏ-40 வண்டிகளுக்குத் தனிச்சட்டம் உண்டு. தகடு போனாலும் முதுகெலும்பு நிற்கும்.

இனி எழுத்துக்கு வருவோம். என் மாணவர் ஒருவர் இணையத்தில் எழுதிப் பணம் தேடப் புறப்பட்டு, முதற் கட்டுரையை என்னிடம் காட்டினார். மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், அது 1948இல் வெளிவந்தது, 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மைனர் உருவாயிற்று என்று எல்லாம் சரியாகவே எழுதியிருந்தார். ஆனால் இவற்றை ஆயிரம் பேர் முன்னரே ஆங்கிலத்தில் எழுதிவிட்டனர். இப்போதோ ஒரு பொறி நொடிப்பொழுதில் எழுதித் தருகிறது. இதைப் படிக்க ஒருவர் இவரைத் தேடி வருவானேன்?

வருமானத்தின் கணக்கையும் மாணவர் அறிதல் வேண்டும். பக்கத்தில் தோன்றும் விளம்பரத்தைப் பார்ப்போரையும் தொடுவோரையும் கொண்டே பணம் கணிக்கப்படுகிறது. கூகிள் நிறுவனம் தன் விளம்பரத் திட்டத்தில் தமிழைச் சேர்த்தது 2018இலேதான். கணக்கில் பத்து டொலர் சேர்ந்ததும், முகவரியை உறுதிசெய்ய ஓர் இரகசிய எண் தபாலில் வரும். நூறு டொலர் சேர்ந்தாற்றான் பணம் கைக்கு வரும். அந்தப் பத்துக்கும் நூறுக்கும் இடையிலேதான் பலருடைய உற்சாகம் மடிந்துபோகிறது. பொறுமையிழந்து, சொல்லுக்கு இவ்வளவு என்று பேசும் இடைத்தரகருக்கு எழுதிக் கொடுத்துப் பாதிக் கூலியையும் காணாதவரையும் நான் அறிவேன். முன்பணம் தராதவருக்கு எழுதற்க என்பதே என் கட்சி.

இங்கிலாந்தில் பாத் நகரில் மைனர்களைப் பழுதுபார்க்கும் நிலையம் நடத்தியவர் சாள்ஸ் வேர். புதிய கார் வாங்குவதினும் பழையதைப் பேணுவதே சிக்கனம் என்று கணக்கிட்டு, 1982இல் ஒரு நூலே எழுதினார். கைத்தொழிலிலிருந்து பிறந்த எழுத்து அது. ஆதலால் மதிப்புப் பெற்றது. மைனர் வைத்திருக்கும் ஆங்கிலேயருக்கு இசிகோனிஸைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. தம் வண்டி மண்ணெண்ணெயில் ஆண்டுக்கணக்காக ஓடியது என்றால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்வார். வருமானத்துக்காக அதனை ஆங்கிலத்தில் எழுதுவதில் குற்றமில்லை. தமிழிலும் ஒரு படி இருக்கட்டும். அவ்வித்தை அறிந்த கைகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. வண்டிகளும் ஒவ்வொன்றாய்க் கொழும்புக்கு விலைபோகின்றன.

இதைக் கேட்ட மாணவர், குறிப்பேடும் கையுமாக முதிய மெக்கானிக் ஒருவரின் கொட்டகைக்குச் சென்றார். மூன்று மாலை கழிந்தபின் அம்முதியவர், "தம்பி, இதை எழுதினா எனக்கென்ன தருவீர்?" என்று கேட்டிருக்கிறார்.

"வாறதிலை அரைவாசி, ஐயா."

அவருக்கு இப்போது அந்தப் பத்து டொலர்க் கடிதம் வந்திருக்கிறது. செய்தியைச் சொல்லப் போனவரிடம் முதியவர், பத்து டொலரின் பாதிக்கு ஒரு பிளக்காவது வாங்கலாமோ என்று விசாரித்தாராம்.