கோவைக்கு வந்தால் என்ன சாப்பிடுவீர்கள்?

ஜப்பானில் ஒசாகா என்றொரு பெரிய நகரம் இருக்கிறது. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அங்கே 'டகோயாகி'யைத் தேடிப் போய்ச் சாப்பிடுவார்கள். நம் வீட்டுப் பணியாரக் கல் போன்ற குழித் தட்டில் மாவை ஊற்றி, உள்ளே ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுடுகிற உருண்டைதான் அது. ஒசாகா கடலோர நகரம். அதனால் கடல் உணவு!

சரி, கோயம்புத்தூரைச் சுற்றிப் பார்க்க வந்தால் நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள்? பரோட்டாவா? அதுதான் எல்லா ஊரிலும் கிடைக்கிறதே!

மருதமலை முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அந்தப் பக்கம் வரிசையாக நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பகுதியை அந்த மலையே வாங்கிக்கொள்கிறது. அதனால் கோவைச் சமவெளியில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது.

மழை குறைந்த மண்ணில் என்ன விளையும்? கம்பு, சோளம், ராகி, கொள்ளு! கம்பங்கூழும் ராகிக் களியும் கொள்ளுப் பருப்பும் இங்கே வந்த கதை இதுதான். கொள்ளு வெந்த தண்ணீரைக்கூடக் கொட்டமாட்டார்கள், ரசம் வைத்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் மானாவாரிக் கிராமங்களில் நெல்லுச்சோறு என்பது விசேஷ நாள் சாப்பாடு.

அரிசியிலும் கொங்கு நாட்டுக்கென்று தனி ருசி உண்டு. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் சேர்த்து ஒரே பாத்திரத்தில் வேகவைத்தால் அரிசிம்பருப்பு சாதம். மேலே கொஞ்சம் நெய் விட்டால் ஆஹா! இடியாப்பத்தைப் பிழிந்த பிறகு வேகவைப்போம். சந்தகையோ வேகவைத்த பிறகு பிழிவது. அதைத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் கலந்து சாப்பிட வேண்டும்.

கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தை அங்கே பார்க்கலாம். 'கோ 10' என்ற கம்பு ரகம்கூட அங்கே உருவானதுதான். 'கோ' என்றால் கோயம்புத்தூர்!

புது விதையை விஞ்ஞானிகள் தருவார்கள். ஆனால் பழைய கைப்பக்குவம் ஆத்தாவிடமும் அம்முச்சியிடமும்தான் இருக்கிறது. நாம் கேட்காவிட்டால் அது அவர்களோடு போய்விடும்.

இந்த விடுமுறையில் உங்கள் பாட்டியிடம் ஒரு பலகாரத்தின் செய்முறையைக் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதினால் மட்டும் போதாது குட்டீஸ், கூடவே நின்று செய்து, சாப்பிட்டும் பார்க்க வேண்டும்!