நிற்பதும் ஒரு பயிற்சியே

சீனத் தற்காப்புக் கலை என்றதும் பாய்ச்சலும் உதையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், அக்கலையின் பல மரபுகளில் அசையாமல் நிற்பதே அடிப்படைப் பயிற்சி. சீன மொழியில் இதற்குச் 'சான் சுவாங்' என்று பெயர். நட்ட கம்பம்போல் நிற்றல் என்பது பொருள்.

பாதங்களைத் தோளகலத்திற்கு விலக்கி, முழங்கால்களைச் சற்றே தளர்த்தி, பெரிய பந்தொன்றை அணைப்பதுபோல் கைகளை வளைத்து, இயல்பாக மூச்சுவிட்டு நிற்பர். பார்ப்பதற்கு எளிது, சில நிமிடங்களிலேயே தொடைகள் நடுங்கும். உடலைத் தாங்கக் கால், இடுப்பு, முதுகுத் தசைகள் ஓயாமல் உழைப்பதே காரணம்.

'யீச்சுவான்' கலையை உருவாக்கிய வாங் சியாங்சாய் (1885–1963) இதையே தம் பயிற்சிக்கு அடித்தளமாக்கினார். பிற்காலத்தில் பெய்ஜிங்கில் நோயுற்றோருக்கும் கற்பித்தார். நிற்க இயலாதோர் அமர்ந்தும் படுத்தும் செய்யத்தக்க நிலைகளும் அவர் முறையில் உண்டு.

பல நாள் படுக்கையில் இருந்தவர் எழுந்தால், "இன்று நின்றதோடு சரி, நடக்கவில்லையே" என உறவினர் வருந்துவதைக் காண்கிறோம். அந்த நிற்றலில்தான் தசைகள் வலுப்பெறத் தொடங்குகின்றன, சமநிலை மீள்கிறது, நிமிர்ந்த நிலையில் இரத்த அழுத்தத்தைக் காக்க உடல் மீண்டும் பழகுகிறது. ஆகவே, நடந்த அடிகளோடு நின்ற நிமிடங்களையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மருத்துவரின் இசைவு பெற்றே தொடங்குங்கள். பின்னால் உறுதியான நாற்காலியும் அருகில் துணைக்கு ஒருவரும் இருக்கட்டும். கைகளை உயர்த்த வேண்டுவதில்லை. கட்டிலின் கம்பியைப் பற்றிக்கொள்ளலாம். முதலில் ஒரு நிமிடமே போதும். தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே அமர்ந்து செவிலியரை அழையுங்கள்.