பதுளைச் சந்தைக்கு வரும் மீன் எந்தக் கடலின் மீன்?

பதுளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் இலங்கையின் கடற்பருவங்களைப் படிக்க இதைவிட வசதியான ஊர் இல்லை என்பேன். நீர்கொழும்பில் இருப்பவருக்கு மேற்குக் கடல்தான் தெரியும், கல்முனையில் இருப்பவருக்குக் கிழக்குக் கடல்தான் தெரியும். பதுளைக்கோ எல்லாப் பக்கத்திலிருந்தும் மீன் மலையேறி வருகிறது. பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் பாதையில் மட்டக்களப்பு மீன் வரும். மொனராகலைப் பக்கமாகப் பொத்துவில் மீன், வெல்லவாய தாண்டி அம்பாந்தோட்டை, தங்காலை மீன். மேற்குக் கரை மீன் பேலியகொடை மொத்தச் சந்தையில் கைமாறி, சுற்றிக்கொண்டு வந்து சேரும். எந்த மாதத்தில் எந்தப் பாதை முந்துகிறது என்பது காற்றின் கையில் இருக்கிறது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அலை எவ்வளவு உயரும் என்பதற்குக் காற்றின் வேகம் மட்டும் கணக்கல்ல. தடையில்லாமல் எவ்வளவு தூரம் தண்ணீர் மேல் அது ஓடி வந்தது என்பதும் கணக்கு. காலி, பேருவளை, நீர்கொழும்புக் கரைகளில் மோதும் காற்று பரந்த இந்து சமுத்திரத்தை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் உழுதுகொண்டு வருகிறது. அதனால் அங்கே அலை சுவர்போல எழும். சின்னப் படகுகள் மணலில் கிடக்கும். அதே காற்று தீவைக் கடந்து மட்டக்களப்பில் கடலுக்குள் இறங்கும்போது, நிலத்திலிருந்து அப்போதுதான் புறப்பட்டிருக்கிறது. கரையோரத்தில் அலையை வளர்க்க அதற்கு ஓடுதூரம் இல்லை. எவ்வளவு வேகமாக வீசினாலும் கரையோரக் கடல் மட்டமாகக் கிடக்கும்.

கரைவலைக்கு வேண்டியது இந்த மட்டக் கடல்தான். தோணியில் வலையை ஏற்றிக்கொண்டு போய் அரைவட்டமாக விட்டுத் திரும்புவார்கள். பிறகு இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று பல பேர் சேர்ந்து இழுப்பார்கள். மீன் மெல்ல மெல்ல நடுவிலுள்ள மடிக்குள் ஒதுங்கும். கரையில் அலை உடைந்தால் மடி தூக்கப்பட்டு மீன் தப்பிவிடும், நீரோட்டம் பலத்தால் வலையே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி காலையில் கடலைப் பார்த்துவிட்டுத்தான் ஆள் கூப்பிடுவார். இந்த மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் குடும்பத்தோடு திருகோணமலை, கொக்கிளாய், முல்லைத்தீவுக் கரைகளுக்குப் போய் வாடி அமைத்துத் தொழில் செய்வது பல தலைமுறை வழக்கம். தமிழ், சிங்கள மீனவர்களுக்கிடையே கரை உரிமைத் தகராறு கிளம்புவதும் இதில்தான். காற்று மாறும்போது வாடி அமைத்தவர்கள் ஊர் திரும்புவார்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். கிழக்குக் கடலுக்குள் இறங்கும் முன் அந்தக் காற்று நம் தலைக்கு மேலேதான் போகிறது. மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மேகமாகி, வட்டவளை, அட்டன் பக்கம் மழையைக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்வது இதனால்தான். ஆவி நீராகும்போது வெளியாகும் வெப்பம் காற்றிலேயே தங்கிவிடும். ஆகவே ஏறும்போது 100 மீற்றருக்கு ஏறக்குறைய அரைப் பாகைதான் குளிரும். மறுபக்கம் இறங்கும்போது காற்று வறண்டிருக்கும், 100 மீற்றருக்கு ஒரு பாகை சூடேறும். 1,500 மீற்றர் ஏறி இறங்கிய காற்று, புறப்பட்டதைவிட ஏழெட்டுப் பாகை சூடாகத் தரை தொடும் என்பது இதிலிருந்து வரும் கணக்கு. இந்தச் சூட்டுக் காற்றுக்குக் கிழக்கில் கச்சான் என்று பெயர். மட்டக்களப்பில் கடற்காற்றைத் தள்ளிவிட்டு வெப்பநிலையை 38 பாகை வரை ஏற்றும் காற்று இது.

ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெயர் வாங்குவதும் இதே காற்றால்தான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று பட்டுச் செடியின் வளர்ச்சி மந்தமாகும். கொழுந்து குறையும், ஆனால் வாசனைப் பொருள்கள் இலையில் செறியும். அவற்றில் முக்கியமானது மெத்தில் சலிசிலேற்று. தசைவலித் தைலங்களில் மணக்கும் அதே பொருள்தான். கொழுந்து குறைந்தால் கூடை நிறையாது, கிலோக் கணக்குக்கு நிற்பவர் பாடு திண்டாட்டம். தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும் மாதங்கள் எடுப்பவருக்குச் சிரமமான மாதங்களாக இருப்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே வாரங்களில் அதே காற்றின் புண்ணியத்தில் கிழக்குக் கரையில் சூடையும் கீரியும் குவிகின்றன என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்?

கடலுக்கு அடியில் நடப்பது இன்னும் விசித்திரம். தென்மேல் காலத்தில் இலங்கையின் தென்கரையை ஒட்டிக் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. பூமி சுழல்வதால், நம் வட அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் காற்றின் திசைக்கு வலப்பக்கமாக, அதாவது தெற்கு நோக்கி, கரையை விட்டு விலகுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த, உரம் நிறைந்த நீர் மேலே வருகிறது. வெளிச்சமும் உரமும் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசிகள் பெருகும். அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள், அவற்றைத் தின்னும் சாளை, நெத்தலி என்று சங்கிலி நீளும். செய்மதிப் படங்களில் இந்தப் பச்சை தெளிவாகத் தெரிகிறது. தென்கடல் மிகச் செழிப்பாக இருக்கும் மாதங்களிலேயே அங்கே சின்னப் படகால் இறங்க முடியாது!

செழிப்பு முழுதும் அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. தீவுக்குத் தெற்கே கிழக்கு நோக்கிப் பாயும் பருவ நீரோட்டம் அதன் ஒரு பங்கை வளைத்து வங்காள விரிகுடாவுக்குள் கொண்டுபோகிறது. கிழக்குக் கரைக்கு அப்பால், இடஞ்சுழியாகச் சுழலும் ஒரு பெரிய நீர்ச்சுழியும் அதே காலத்தில் உருவாகி ஆழநீரை மேலே தூக்குகிறது. கடலியலாளர்கள் இதை ‘இலங்கைக் குவிமாடம்’ என்கிறார்கள். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் வாடைக்காலம் வந்ததும் தீவின் தெற்கே ஓடும் நீரோட்டமே திசை திரும்பி மேற்காகப் பாயும். ஆண்டுக்கு இருமுறை பெருநீரோட்டம் தலைகீழாக மாறும் கடல்கள் உலகில் மிகக் குறைவு.

ஒக்டோபரில் கணக்கு மாறத் தொடங்கும். கிழக்குக் கடல் கறுத்து, சூறாவளிகள் உருவாகும் காலம் இது. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியைக் கிழக்கில் முதியவர்கள் இன்னும் ஆண்டுக்கணக்குக்கு அடையாளமாகச் சொல்வார்கள். பதுளைக்கும் பெருமழை இந்தக் காலத்தில்தான். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது 2014 ஒக்டோபர் 29. படகையும் பாதையையும் ஒரே மழை மறித்துவிடும். மட்டக்களப்பில் அப்போது வாவி மீனும் இறாலும் நண்டும்தான் கைகொடுக்கும். டிசெம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்கும் தெற்கும் அமைதியாகி, தங்காலை, மாத்தறை, நீர்கொழும்பு மீன் மலையேறும். இடைப்பட்ட நாட்களில் சொரபொரை போன்ற குளத்து மீனும் உண்டு. 1952இல் கொண்டுவந்து விடப்பட்ட திலாப்பியா, ‘ஜப்பான் மீன்’ என்ற பெயரில் நம் சட்டிக்குப் பழகிவிட்டது. வடக்கு வேறு கணக்கு. பாக்கு நீரிணை ஆழமற்றது, அதன் பருவங்களுக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் பலநாள் படகுகள் வந்த பிறகு இந்தப் பருவக் கோடு கொஞ்சம் மங்கிவிட்டது உண்மை. சூரையும் கெலவல்லாவும் பன்னிரண்டு மாதமும் ஐஸில் கிடக்கின்றன. ஆனால் அப்படி வரும் மீன் பிடிபட்டு எத்தனை நாள் ஆனது என்று மீன்காரராலும் சொல்ல முடியாது. ஒரே நாளில் கரை சேரும் சின்ன மீன்தான் இன்றும் காற்றுக்குக் கட்டுப்பட்டது. கருவாட்டிலும் இதே வித்தியாசம் உண்டு. கச்சான் காலத்தில் கிழக்கு மணலில் உலரும் கட்டாக் கருவாடு உள்ளூர்ச் சரக்கு. தோட்டத்துக் கடையில் நாம் வாங்கும் நெத்தலியில் பெரும்பகுதி தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்து கப்பலேறி வந்தது.

2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடளவில் 17 வீதம், தோட்டத்துறையில் ஏறக்குறைய 32 வீதம். மீன் ஒன்றே இதற்கு மருந்தென்று சொல்லவில்லை. ஆனால் முள்ளோடும் தலையோடும் மென்று தின்னும் சின்ன மீனில் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்து ஏயும் இருக்கின்றன. பெரிய மீனின் சதைத் துண்டில் அவை அவ்வளவு இல்லை. ஆகவே சம்பளம் கைக்கு வந்த வாரத்தில், ஆனி ஆடியென்றால் கிழக்குக் கரைச் சூடையையும் கீரியையும், தை மாசியென்றால் தென்கரைச் சாளையையும் கேட்டு வாங்குங்கள். எந்தக் கரை மீன் என்று மீன்காரரிடம் கேளுங்கள். மாதத்துக்கும் கரைக்கும் பொருந்தாத பதில் வந்தால், செவுளைத் திறந்து பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.