வில்லியம் பொருக்கியும் வாழ்தகு புறக்கோள் தேடலும்

சூரியனல்லாத விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்கள் புறக்கோள்கள் எனப்படும். அவற்றுள் நீர் திரவ நிலையில் நிலைத்திருக்கத்தக்க தொலைவில், புவியை ஒத்த அளவில் அமைந்தவை எத்தனை என்னும் வினாவுக்கு எண்ணளவில் விடைகாண முயன்றவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க விண்வெளி அறிவியலாளர் வில்லியம் பொருக்கி. 1962இல் இயற்பியல் முதுகலைப் பட்டத்துடன் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் சேர்ந்த அவர், முதலில் அப்போலோ விண்கலத்தின் வெப்பக் காப்புக் கவசம் குறித்தும், பின்னர் கோள்களின் வளிமண்டலத்தில் தோன்றும் மின்னல் குறித்தும் ஆராய்ந்தார். ஒளியை நுண்மையாக அளக்கும் பயிற்சி இவ்வாய்வுகளில் அவருக்கு வாய்த்தது.

கடப்பு முறை

ஒரு கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் குறுக்கே கடக்கையில் விண்மீனின் ஒளி சிறிது குறையும். வியாழன் அளவுள்ள கோள் சூரியனையொத்த விண்மீனைக் கடந்தால் ஏறத்தாழ 1 விழுக்காடு ஒளி மறையும். புவி அளவுள்ளதெனில் பத்து இலட்சத்தில் 84 பங்கு மட்டுமே மறையும். மேலும், புவியின் சுற்றுப்பாதையை ஒத்த பாதை நம் பார்வைக்கோட்டில் அமையும் வாய்ப்பு இருநூற்றில் ஒன்றே. ஆதலின் இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை ஒருசேரக் கண்காணிக்க வேண்டும். ஒரே கால இடைவெளியில் மூன்று கடப்புகளேனும் பதிவானால்தான் கோளென்று துணிய இயலும். அதற்கு மூன்றாண்டுக்கு மேல் இடைவிடாத நோக்கீடு தேவை. கடப்பு முறை குறித்துப் பொருக்கியும் ஆட்ரி சம்மர்சும் 1984இல் கட்டுரை வெளியிட்டனர்.

நிராகரிப்புகள்

1992, 1994, 1996, 1998 ஆகிய நான்கு முறையும் அவருடைய விண்கலத் திட்டம் ஏற்கப்படவில்லை. உணரிகளின் துல்லியம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது முதல் மறுப்பு. செலவு மிகும் என்பது அடுத்தது. ஆயிரக்கணக்கான விண்மீன்களை ஒரே நேரத்தில் அளக்க இயலுமா என்ற மூன்றாம் ஐயத்துக்கு, லிக் வானாய்வகத்தில் நிறுவிய சிறு தொலைநோக்கி விடையளித்தது. நான்காம் மறுப்புக்குப்பின், விண்கலத்தின் அதிர்வையும் செயற்கை விண்மீன்களையும் ஆய்வகத்திலேயே உருவாக்கி, புவி அளவுக் கடப்பைக் கண்டறிய இயலுமெனக் குழுவினர் காட்டினர். 1995இல் 51 பெகாசி பி கண்டறியப்பட்டதும், 1999இல் எச்.டி. 209458 விண்மீனில் கடப்பு பதிவானதும் துணைநின்றன. எனினும், ஒவ்வொரு மறுப்பையும் சோதனையால் எதிர்கொண்ட பொறுமையே 2001ஆம் ஆண்டு ஒப்புதலுக்கு மூலம் எனலாம்.

கெப்ளர் கண்டதும் எஞ்சியதும்

2009 மார்ச்சில் ஏவப்பட்ட கெப்ளர் விண்கலம், 0.95 மீட்டர் தொலைநோக்கியும் 42 சி.சி.டி. உணரிகளும் கொண்டு, சிக்னஸ், லைரா விண்மீன் தொகுதிகளின் பகுதியில் ஏறத்தாழ 1,50,000 விண்மீன்களைக் கண்காணித்தது. 2018இல் ஓய்வுபெறும்வரை திரட்டிய தரவுகளின்வழி 2,600க்கும் மேற்பட்ட கோள்கள் உறுதியாயின. ஆனால் சூரியனையொத்த விண்மீன்களின் இயல்பான ஒளி ஏற்றத்தாழ்வு எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்தது. அதனை ஈடுசெய்யக் கூடுதல் ஆண்டுகள் தேவைப்பட்டன, நீட்டிப்பும் கிடைத்தது. 2013 மே மாதத்தில், கலத்தின் திசையை நிலைநிறுத்தும் நான்கு சக்கரங்களுள் இரண்டாவதும் செயலிழக்க, அப்பகுதியின் நோக்கீடு நின்றது.

2014இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-186 எஃப், வாழ்தகு மண்டலத்தில் கண்ட புவி அளவுக் கோள். எனினும் அதன் விண்மீன் ஒரு செங்குறுமீன். சூரியனையொத்த விண்மீனை ஓராண்டுக் காலத்தில் சுற்றும் புவி அளவுக் கோள்களின் விகிதமோ, குறுகிய காலத்தில் சுற்றும் கோள்களின் தரவிலிருந்து நீட்டிக் கணிக்கப்படும் மதிப்பாகவே இன்றும் உள்ளது.