எண்ணெயில் வழுக்கும் நீர்த்துளியும் நமது வள்ளங்களும்

தரம் பத்து விஞ்ஞானப் பாடத்தில் ஒரு கண்ணாடித் துண்டில் தேங்காய் எண்ணெய் பூசி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். "சரிச்சா வழுக்கி விழுந்திடும் சேர்" என்றார்கள் பிள்ளைகள். சற்று நகர்ந்த துளி, பிறகு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எனக்கும் அன்று வெட்கம்தான்.

காரணம் எளிது. கண்ணாடிக்கு எண்ணெயைவிடத் தண்ணீரோடுதான் ஒட்டு அதிகம். துளி எண்ணெயை விலக்கிக்கொண்டு கண்ணாடியைப் பிடித்துவிடுகிறது.

எண்ணெய் விலகாமலிருக்க என்ன வழி? நமது நாட்டுக்கே உரிய கெண்டித் தாவரம் அதைக் காட்டுகிறது. சிங்களத்தில் பாந்துரா என்பார்கள். ஈரவலயத்தில், சிங்கராஜப் பக்கம் வளர்வது. அதன் குடுவை விளிம்பிலுள்ள நுண்ணிய வரிகள் நீரைப் பிடித்து வைத்திருக்கும். எறும்பின் எண்ணெய்ப் பசையுள்ள கால் அங்கே பிடி கிடைக்காமல் வழுக்கும். இதைப் பின்பற்றி 2011இல் ஹார்வர்டில் ஜோவானா ஐசன்பர்க் குழுவினர், எண்ணெயை விரும்பும் நுண்துளைப் பரப்பில் எண்ணெயை ஊறவைத்தார்கள். தாமரை இலையில் துளிக்கு அடியில் காற்று, இங்கே எண்ணெய்.

ஆனால் துளி சும்மா வழுக்குவதில்லை. அதன் விளிம்பைச் சுற்றி எண்ணெய் வயல் வரம்புபோலச் சற்று மேலெழும்புகிறது. அந்த வரம்பையும் இழுத்துக்கொண்டே துளி நகர வேண்டும். ஆகவே எண்ணெய் தடிப்பானால் வேகம் குறையும். சில வேளை எண்ணெய் துளியின் மேலேயே மெல்லிய போர்வையாக ஏறி, அதோடு போய்விடும்.

திருகோணமலைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கரையில் வள்ளத்தைக் கவிழ்த்து அடியிலுள்ள சிப்பியையும் பாசியையும் சுரண்டுவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சுரண்டாவிட்டால் எரிபொருள் கூடுதலாகும். கப்பல்களுக்குப் பூசிய டிரைபியூட்டைல்டின் என்ற நச்சுப் பூச்சு கடலுயிர்களைக் கெடுத்ததால், 2008இல் அமுலுக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை அதைத் தடைசெய்தது. கொட்டியாரக் குடாவில் மீன் பிடித்துச் சாப்பிடுகிற நமக்கு அது சின்ன விடயமல்ல. 2017இல் சிங்கப்பூர், ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எண்ணெய் ஊறிய பரப்பில் பச்சைச் சிப்பிகளை விட்டுப் பார்த்தார்கள். காலால் தடவிய சிப்பி திடமான பரப்பை உணராததால், ஒட்டும் நூலை விடத் தயங்கியது. நஞ்சு வைத்துக் கொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

இதை என் மாணவன் ஒருவனின் வாப்பாவிடம் சொன்னேன். சுரண்டுவதை நிறுத்தாமலே, "எத்தனை மாசம் தாங்கும் சேர்?" என்றார். சரியான கேள்வி. ஓடும் நீர் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போகும், திரும்ப ஊட்ட வேண்டியிருக்கும் என்றேன். "அப்ப அந்த எண்ணெய் கடலுக்குத்தானே போகுது?" என்றார்.